வைக்கோல் கூட்டில் தேனீ: தோட்டப்புறத்தில் முதல் ஆண்டைக் கடப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், பால்மரமும் (ரப்பர்) செம்பனையும் (எண்ணெய்ப்பனை) சூழ்ந்த ஒரு பழைய தோட்டக் குடியிருப்பில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இன்று நான்கு வைக்கோல் கூடுகளில் தேனீக்கள் குடியிருக்கின்றன. இந்த நான்கும் நிலைப்பதற்கு முன் மூன்றை இழந்தேன்; விலைக்கு வாங்கிய ஒரு குடும்பம் அழிந்த கதை தனி, அதைப் பின்னால் சொல்கிறேன். முதல் கூடு மழையில் ஊறிப் பூசணம் பூத்தது. இரண்டாவதை, அனுமதிக் கடிதம் இல்லாததால் பட்டப்பகலில் தூக்கி நகர்த்த நேர்ந்தது. பாதித் தேனீக்கள் வந்து சேரவே இல்லை. மூன்றாவது, கொசுமருந்துப் புகையில் ஒரே மாலையில் முடிந்துபோனது. மூன்றும் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள். காலையில் கூட்டு வாசலில் குவியலாகக் கிடந்த அந்த உடல்களைக் கூட்டி அள்ளியது இன்னும் என் கையில் இருக்கிறது. உங்களுக்கு அந்த வேலை வரக்கூடாது.

செலவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்டுக்கு எனக்கு ஆனது: வைக்கோல் 20 வெள்ளி (ரிங்கிட்), பிரம்பு நார் 30, சட்டத்துக்கும் அடிப்பலகைக்கும் மரம் 35, இரும்புக் கால்மேடை 60, கூரை 25. ஆக 170 வெள்ளி. முகவலையோடு கூடிய சட்டை 90, புகைமூட்டி 45, கையுறை 15 என்று இன்னொரு 150; இது ஒருமுறைச் செலவு. மொத்தம் 320 வெள்ளி. முதல் ஆண்டில் தேனாக ஒன்றும் திரும்பி வராது என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

தொடங்கும் முன் ஒரு சொல். தேனீ கொட்டி உடம்பெல்லாம் தடித்ததோ, மூச்சு முட்டியதோ உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நடந்திருந்தால், மருத்துவரைப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். அப்படி ஒருவருக்கு நேர்ந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே 999.

1. எந்தத் தேனீ என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கம் கண்ணில் படுவது பெரும்பாலும் மூன்று வகை. உயர்ந்த மரக்கிளையிலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் முறம் போல ஒரே அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. அதைக் கூட்டில் வளர்க்க முடியாது. கிட்டே போகவும் வேண்டாம். வீட்டுப் பக்கத்தில் கட்டியிருந்தால் தீயணைப்பு மீட்புத் துறையை அழையுங்கள். சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் வைத்து வாழும் சின்னஞ்சிறு கொசுத்தேனீயை மலாய்க்காரர்கள் கெலுலுட் என்கிறார்கள். அது கொட்டாது, ஆனால் அதற்கு மரத்தண்டும் பெட்டியும்தான் ஒத்துவரும். வைக்கோல் கூடு உதவாது.

வைக்கோல் கூட்டுக்கு ஏற்றது பொந்துத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். மரப்பொந்து, பழைய லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரை, கைவிட்ட அலமாரி என்று இருட்டான இடத்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டும். இந்த மண்ணுக்கே உரியது. தேனீயையும் அதன் புழுவையும் உறிஞ்சி வாழும் உண்ணியைத் தானே உடம்பிலிருந்து தட்டிவிடப் பழகியது. அதனால் மருந்து இல்லாமல் வளர்க்கலாம். குறை ஒன்று உண்டு: பிடிக்கவில்லை என்றால் கூட்டையே காலி செய்துவிட்டுப் போய்விடும். ஈரம், எறும்பு, பசி, அடிக்கடி திறந்து பார்க்கும் மனிதக் கை, இவை நான்கும்தான் அதை விரட்டுபவை. இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு அளவும் அந்த நான்கில் ஒன்றைத் தடுக்கத்தான்.

2. இடமும் கடிதமும்

கூடு பின்னுவதற்கு முன் இடத்தை முடிவு செய்யுங்கள். காலை வெயில் படவேண்டும், நடுப்பகலில் நிழல் வேண்டும். வாசல் நடைபாதையைப் பார்க்கக்கூடாது, மாட்டுக்கொட்டகையையும் பார்க்கக்கூடாது. ஆள் நடக்கும் வழியிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, இடையில் ஒரு செடி வேலி இருந்தால் தேனீக்கள் உயரமாக எழும்பிப் பறக்கும், யாருக்கும் தொந்தரவு இருக்காது. தெருவிளக்குக்கும் வீட்டு வராந்தா விளக்குக்கும் நேரே வைக்காதீர்கள். இரவில் தேனீக்கள் விளக்கைத் தேடி வந்து விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மிதிப்பார்கள். மறுநாள் உங்கள் வாசலில் சண்டை நிற்கும்.

சுற்றுப்புறத்தையும் பாருங்கள். செம்பனையில் மகரந்தம் கிடைக்கும், தேன் கிடைக்காது. சுற்றிலும் செம்பனை மட்டுமே என்றால் தேனீ பசியில் வாடும். பால்மரம் வேறு மாதிரி. பூவில் மட்டுமல்ல, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியிலும் இளந்துளிரில் தேன் சுரக்கும். சிறுதோட்டக்காரர்களின் பால்மரம் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்ல இடம். தென்னை, வீட்டுத் தோட்டத்துத் துளசி, செம்பனையில் இலையைத் தின்னும் பைப்புழுவைக் கட்டுப்படுத்த ஓரங்களில் நடும் டர்னெரா செடி எல்லாம் மற்ற மாதங்களுக்குக் கைகொடுக்கும்.

இனி கடிதம். வீடும் நிலமும் உங்கள் பெயரில் இருந்தால் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள், போதும். தோட்ட நிர்வாகத்தின் நிலத்திலோ லயத்திலோ இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கூட்டைக்கூட வைக்காதீர்கள். நான் வாய்ச்சொல்லை நம்பினேன். அப்போதிருந்த மேலாளர் நல்ல மனிதர், "வைத்துக்கொள்ளுங்கள் தம்பி" என்றார். ஆறு மாதத்தில் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் ஒரே நாள் தவணை கொடுத்தார். காட்ட என்னிடம் ஒரு தாள் இல்லை.

கடிதத்தை மலாய் மொழியில் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும், கூடு வைக்கும் இடத்தின் கைவரைபடம், எத்தனை கூடு, பொந்துத் தேனீதான் என்ற குறிப்பு, பிரச்சினை என்றால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண், மருந்து தெளிக்கும் முன் உங்களுக்குத் தெரிவிக்கும்படி ஒரு வேண்டுகோள். இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக அலுவலகக் கிராணியின் (எழுத்தரின்) முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. அதனால் நவம்பரிலேயே கொடுத்துவிடுவது நல்லது; ஜனவரியில் கூடு தயாராக இருக்கவேண்டும்.

3. வைக்கோல் தேடுவது

இதில்தான் நான் அதிகம் அலைந்தேன். நெல்வயல் இருக்கிற நாட்டில் வைக்கோலுக்கா பஞ்சம் என்று நினைத்துக் கிரியான் மாவட்டத்துக்குப் போனால், வயலில் கிடப்பதெல்லாம் அறுவடை இயந்திரம் துப்பிய நொறுங்கல். அதில் பிரி திரிக்க முடியாது. முழு நீளத் தாள் வேண்டும். இயந்திரம் இறங்கும் முன், வயல் ஓரத்திலும் மூலையிலும் அரிவாளால் அறுத்துக் கட்டித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். பாகான் செராய்ப் பக்கத்தில் ஒரு விவசாயி இரண்டு பெரிய கட்டுகளை 20 வெள்ளிக்குத் தந்தார். ஒரு கூட்டுக்கு அது தாராளம்.

அறுவடைக்குச் சற்று முன் பூச்சிமருந்து அடித்த வயலா என்று கேளுங்கள். அடித்திருந்தால் வேண்டாம். வாங்கி வந்ததை மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிட்டு, பிறகு இரண்டு வாரம் காற்றோட்டமான பரணில் வையுங்கள். கருத்த தாள், பூசண வாடை அடிக்கும் தாள் எதையும் சேர்க்காதீர்கள்.

வைக்கோல் கிடைக்கவே இல்லை என்றால் லாலான் புல் உதவும். முற்றிய லாலானை அடியோடு அறுத்து, பூங்கதிரை நீக்கிக் காயவையுங்கள். வைக்கோலைவிடக் கடினம், கை கிழியும், ஆனால் ஈரத்தை அதிகம் தாங்கும். இப்போது நான் வைக்கோலும் லாலானும் பாதிக்குப் பாதி கலக்கிறேன். களைக்கொல்லி அடித்துச் செத்த லாலானை மட்டும் தொடவேண்டாம். தோட்ட ஓரங்களில் பழுத்து நிற்பது பெரும்பாலும் அதுதான்.

4. கூடு பின்னுவது

முதலில் ஒரு எச்சரிக்கை. வைக்கோல் தேன்கூடு என்றதும் படங்களில் காண்பது கவிழ்த்த கூடை போன்ற கூம்பு. அது ஐரோப்பாவில் வேறு வகைத் தேனீக்காகச் செய்வது. நமக்கு அது இரண்டு வகையில் ஆகாது. அளவு பெரிது, நம் தேனீ அதை நிரப்ப முடியாமல் திணறும். மேலே மூடியிருப்பதால் அடைகள் கூரையோடு ஒட்டிக்கொள்ளும். நோய் வந்தாலும் பார்க்க வழியில்லை, தேன் எடுக்கக் கூட்டையே சிதைக்கவேண்டும். என் முதல் கூடு அப்படிப்பட்டது. உள்ளே பூசணம் பிடித்ததைத் தேனீக்கள் போன பிறகுதான் பார்த்தேன்.

நாம் செய்ய வேண்டியது மேலும் கீழும் திறந்த உருளை. உள்விட்டம் 28 செ.மீ., உயரம் 28 செ.மீ. கொள்ளளவு ஏறக்குறைய 17 லிட்டர் வரும். பொந்துத் தேனீ தானாகத் தேர்ந்தெடுக்கும் பொந்தின் அளவும் அதை ஒட்டியதுதான். மேலே மரச்சட்டங்களை வரிசையாக அடுக்கினால், ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு அடை தொங்கும். தனித்தனியாகத் தூக்கிப் பார்க்கலாம்.

வைக்கோலைத் தண்ணீர் தெளித்துச் சாக்கில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் பதமாகும். மூன்று செ.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் விரல் நீளம் வெட்டி, அந்த வளையத்துக்குள் வைக்கோலை நுழையுங்கள். வளையம் இறுக்கமாக இருக்கும்படி பின்பக்கம் தாள்களைச் சேர்த்துக்கொண்டே போனால் பிரி ஒரே கனத்தில் ஓடும். 28 செ.மீ. வாளி ஒன்றைச் சுற்றி முதல் சுற்றைப் போடுங்கள். ஊறவைத்த பிரம்பு நாரைக் கோணி ஊசியில் கோத்து, இரண்டு செ.மீ. இடைவெளியில் பிரியைச் சுற்றி, கீழ்ச் சுற்றின் தையலுக்குள் விட்டு இழுங்கள். இப்படிப் பத்துச் சுற்று. பிரி மொத்தம் பத்து மீட்டர் வரும்.

எங்கள் குடியிருப்பில் எண்பது கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். சிறுவயதில் விதைநெல் கோட்டை கட்டுவதைப் பார்த்தவர். என் பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இறுக்கினால் மட்டும் போதாது தம்பி, பிரி மெலியாமல் ஓடவேண்டும். மெலிந்த இடத்தில்தான் எலி பல் வைக்கும்" என்றார். சரியாக அந்த மெலிந்த இடத்தில்தான் எலி கடித்திருந்தது. பிரித்துவிட்டு மறுபடி பின்னினேன். முதல் கூட்டுக்கு ஐந்து மாலை ஆகும். பழகினால் இரண்டு போதும்.

மேற்சட்டங்கள் பத்து. ஒவ்வொன்றும் நீளம் 36 செ.மீ., அகலம் சரியாக 30 மி.மீ. இந்த அகலத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு அடைகளின் நடுவுக்கு நடு பொந்துத் தேனீ விடும் தூரம் அதுதான். 35 மி.மீ. வெட்டினால் ஒரு அடை இரண்டு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குறுக்காக ஓடும், பிறகு எதையும் தூக்க முடியாது. சட்டத்தின் அடிப்பக்கம் நடுக்கோட்டில் உருக்கிய தேன்மெழுகை மெல்லிய வரப்பாக இடுங்கள். அந்த வரப்பைப் பிடித்து அடை கட்டும். மரம் மெராந்தி போன்ற சாதாரணப் பலகையாக இருக்கட்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் ஆகாது. கடையில் விற்கும் பால்மரப் பலகையும் பெரும்பாலும் மருந்தில் ஊறியதுதான்.

வாசலை வைக்கோலில் வெட்டவேண்டாம், பிரி அவிழும். அடிப்பலகையில் 8 மி.மீ. உயரம், 8 செ.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் செதுக்குங்கள். இதைவிட உயரம் வைத்தால் கதண்டு என்னும் பெரிய குளவி உள்ளே நுழையும்.

கடைசியாக மெழுகுவது. இரண்டு பங்கு பசுஞ்சாணி, ஒரு பங்கு புற்றுமண், ஒரு பிடி சாம்பல். வெளிப்புறம் மட்டும், மெல்லியதாக மூன்று பூச்சு. ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. உள்பக்கம் வைக்கோல் அப்படியே இருக்கட்டும். உள்ளே எழும் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். வார்னிஷ், பெயின்ட் எதுவும் கூடாது. ஒரு வாரம் நிழலில் உலரவிடுங்கள்.

5. கூரை, கால்மேடை, எறும்பு

வைக்கோல் கூட்டுக்குக் கூரைதான் உயிர். நம் பிற்பகல் மழை சாய்ந்து அடிக்கும். ஆகவே கூரை எல்லாப் பக்கமும் 30 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். தகரம் மட்டும் போட்டால் சூடு இறங்கும். கீழே அத்தாப்பு (ஓலை வேய்ந்தது), மேலே தகரம் என்று இரண்டு அடுக்காகப் போடுங்கள். சட்டங்களுக்கு மேல் ஒரு பழைய சாக்கை மடித்து வைத்தால் வெப்பம் இன்னும் குறையும்.

கால்மேடை 75 செ.மீ. உயரம். முசுறு எறும்பு ஏறாமல் இருக்க, நான்கு கால்களையும் பால் டின்னில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். இங்கேதான் எனக்கு 500 வெள்ளி தண்டம் வந்தது. இரண்டு வாரத்தில் அந்த டின்களில் ஏடிஸ் கொசுப் புழுக்கள். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அது குற்றம். தண்ணீருக்குப் பதில் பழைய இயந்திர எண்ணெய் ஊற்றுங்கள். மழைநீர் விழுந்து எண்ணெய் வழியாதபடி, டின்னுக்கு மேலே காலில் ஒரு தகர வட்டத்தைக் குடைபோலப் பொருத்துங்கள். புல்லோ செடியோ மேடையைத் தொட்டால் எறும்பு அதன் வழியே ஏறிவிடும், வாரம் ஒருமுறை வெட்டுங்கள். தேனீ குடிக்க வைக்கும் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிக் கழுவி மாற்றுங்கள்.

6. தேனீக்களைக் குடியேற்றுவது

தைப்பூசம் முடிந்து பால்மரம் இலை உதிர்த்து, செம்பு நிறத்தில் துளிர் விடத் தொடங்கும்போது தேனீக்களுக்கு வளமான காலம். பிப்ரவரி முதல் மே வரை கூட்டம் பிரிந்து புது வீடு தேடும். ஜனவரிக் கடைசிக்குள் கூட்டை ஆயத்தமாக வைத்துவிடுங்கள்.

எளிய வழி, காத்திருப்பது. கூட்டின் உள்ளே தேன்மெழுகைத் தேய்த்து, பழைய அடையின் ஒரு துண்டைச் சட்டத்தில் ஒட்டி, செராய் (எலுமிச்சைப்புல்) தண்டை நசுக்கி வாசலில் தடவி, ஆள் உயரத்துக்கு மேலே நிழலில் வையுங்கள். எனக்கு ஒரு கூடு ஒன்பதாம் நாள் நிறைந்தது. இன்னொன்று ஏப்ரல் வரை காலியாக இருந்தது.

இரண்டாவது வழி, இடிக்கப்போகும் லயத்திலோ வெட்டப்போகும் மரத்திலோ இருக்கும் குடும்பத்தை மாற்றுவது. இதை முதல்முறை தனியாகச் செய்யாதீர்கள். பழகியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு, உரிமட்டைப் புகையை இலேசாக விட்டு, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ள அடைகளை மட்டும் தலைகீழாகாமல் சட்டத்தோடு வாழைநாரால் கட்டுங்கள். சில நாளில் தேனீக்களே அடையை மெழுகால் ஒட்டிவிட்டு நாரைக் கடித்துத் துப்பிவிடும். ராணி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மற்றவை போகும். ராணியைக் கண்டால் துளையிட்ட சிறு மூங்கில் குழாயில் இட்டு, நடுச்சட்டத்தில் மூன்று நாள் தொங்கவிடுங்கள். வனக் காப்பு நிலத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் அங்கிருந்து எதை எடுத்தாலும் 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

மூன்றாவது வழி, விலைக்கு வாங்குவது. இதில் நான் 250 வெள்ளி இழந்தேன். இணையத்தில் விற்ற ஒருவர் அனுப்பிய குடும்பத்தில் ராணியே இல்லை. வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிட்டு ஆண் தேனீக்களாகப் பொரித்துக்கொண்டிருந்தன. ஒரு மாதத்தில் அழிந்தது. பணம் கொடுக்கும் முன் அடையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், அறையின் அடியில் அறைக்கு ஒரு முட்டை நிமிர்ந்து நிற்கவேண்டும். ஒரே அறையில் மூன்று நான்கு முட்டைகள் சிதறிக் கிடந்தால் ராணி இல்லை. திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்கவேண்டாம்.

எந்த வழியாக வந்தாலும் கூட்டை இருட்டிய பிறகே நகர்த்துங்கள். பழைய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டராவது தள்ளிப் போனால்தான் தேனீக்கள் பழைய இடத்துக்குத் திரும்பாது.

7. முதல் நாற்பது நாள்

திறக்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். வாசலில் நின்று பாருங்கள், போதும். காலில் மஞ்சள் உருண்டையோடு தேனீக்கள் உள்ளே போனால் புழு வளர்கிறது, ராணி இருக்கிறது என்று பொருள். மழை தொடர்ந்து பெய்தால் மட்டும் வெள்ளைச் சீனியும் தண்ணீரும் சமமாகக் கரைத்து, அந்தி சாய்ந்த பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் குச்சிகள் மிதக்கவிட்டுக் கூட்டுக்குள் வையுங்கள். அரை டம்ளர் போதும். பழுப்புச் சீனி, பனைவெல்லம், கடையில் வாங்கிய தேன் எதுவும் கொடுக்கவேண்டாம். முதல் இரண்டும் வயிற்றைக் கெடுக்கும், மூன்றாவது நோயைக் கொண்டுவரும்.

8. கொசுமருந்துப் புகையும் தோட்டத்து மருந்தும்

டெங்கி பரவினால் குடியிருப்பில் புகையடிப்பார்கள். பெரும்பாலும் மாலையில், தேனீக்கள் வீடு திரும்பும் நேரத்தில். அந்த வேலை ஊர் நன்மைக்கானது, அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஒன்றுதான் வழி. பக்கத்தில் யாருக்காவது டெங்கி என்று காதில் விழுந்த அன்றே ஆயத்தமாகிவிடுங்கள். குடியிருப்புத் தலைவரிடமும் கோயில் நிர்வாகத்தாரிடமும் உங்கள் எண்ணைக் கொடுத்து, அறிவிப்பு வந்ததும் சொல்லும்படி கேளுங்கள். எனக்கு அந்த ஒரு தொலைபேசி அழைப்பு வராததால் பல ஆயிரம் உயிர்கள் போயின.

அறிவிப்பு வந்தால், அன்று விடியும் முன்பே வாசலைக் கம்பிவலையால் அடையுங்கள். கூட்டின் மேல் ஈரச்சாக்கு இரண்டு அடுக்கு போர்த்துங்கள். பகலில் சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருங்கள். புகை அடங்கி ஒரு மணி நேரம் கழித்துச் சாக்கை எடுத்துவிட்டு, மறுநாள் காலை வாசலைத் திறங்கள். தண்ணீர்த் தட்டைக் கழுவ மறக்காதீர்கள்.

தோட்டத்தில், இளஞ்செம்பனையில் காண்டாமிருக வண்டுக்குச் சைப்பர்மெத்ரின் தெளிப்பார்கள். தேனீக்கு அது விஷம். தெளிக்கும் வாரத்தை மண்டோரிடம் (தோட்டக் கண்காணியிடம்) கேட்டு எழுதிவையுங்கள். பால்மரத்தில் துளிர்க் காலத்தில் சில இடங்களில் கந்தகத் தூள் தூவுவதும் உண்டு. கடிதத்தில் அந்த வேண்டுகோளை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

9. மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

நாற்பது நாளுக்குப் பிறகு, வெயிலடிக்கும் முற்பகலில், ஓரத்துச் சட்டத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக நேராக மேலே தூக்குங்கள். அடை சுவரில் ஒட்டியிருந்தால் நீண்ட கத்தியைக் கீழிருந்து மேலாக ஓட்டிப் பிரியுங்கள். தூக்கிய அடையைப் படுக்கையாகச் சாய்க்கவே கூடாது. புது மெழுகு நம் வெயிலில் அப்படியே முறிந்து விழும். பத்து நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்காதீர்கள்.

அடைகளுக்கு நடுவே ஒட்டடை போல நூலாம்படை தெரிந்தால் மெழுகு அந்துப்பூச்சி. தேனீ மூடாத வெற்று அடையில்தான் அது குடிபுகும். அந்த அடையை அறுத்து எடுத்துவிடுங்கள். நாப்தலீன் உருண்டையோ சூடமோ உள்ளே போடாதீர்கள். புழுக்கள் அறைக்குள் தலை தூக்கியபடி, நீர் நிறைந்த பை போல ஊதிச் செத்துக் கிடந்தால் அது தேனீப் புழுவுக்கு வரும் பைநோய் (சாக்புரூட்). மருந்து கிடையாது. நோயுற்ற அடைகளை எரித்து, மீதிக் குடும்பத்தைப் புதுக் கூட்டுக்கு மாற்றி, பழைய கூட்டையும் எரித்துவிடுங்கள். மரப்பெட்டியாக இருந்தால் மனம் வராது. வைக்கோல் கூட்டின் பெரிய நன்மை இது என்று நான் நினைக்கிறேன். மற்றக் கூடுகளைத் தொடும் முன் கையையும் கத்தியையும் கழுவுங்கள்.

கதண்டு வாசலில் வட்டமிட்டால் மட்டையால் அடித்துவிடலாம். நிறைய வந்தால் கூடு பக்கத்தில் இருக்கிறது. அதை நீங்களே அழிக்கப் போகாதீர்கள்.

10. தேன் எடுப்பது

இரண்டாம் ஆண்டு, ஏப்ரல் கடைசி அல்லது மே. பால்மரத் தேன் வரத்து குறையும்போது. ஓரத்து இரண்டு மூன்று அடைகள் மட்டும், அதுவும் முக்கால் பங்கு அறைகள் மெழுகால் மூடியிருந்தால் மட்டும். நடு அடைகள் தேனீயின் குழந்தைகளுக்கும் சாப்பாட்டுக்கும் உரியவை. அடையை அறுக்கும்போது சட்டத்தில் இரண்டு விரல் அகலம் விடுங்கள், அதிலிருந்து மறுபடி கட்டும். என் நல்ல கூடு ஒன்றில் கிடைத்தது 2.3 கிலோ. செப்டம்பருக்குப் பிறகு எடுக்கவே கூடாது. ஆண்டுக் கடைசி மழையில் அவற்றுக்கு வேறு உணவில்லை.

வீட்டுக்குள், சன்னல் அடைத்து, அடையை நொறுக்கி வெள்ளைத் துணியில் ஓர் இரவு வடியவிடுங்கள். காய்ச்சவேண்டாம். நம் காற்றின் ஈரத்தில் தேனில் நீர் அதிகமாக நிற்கும். சர்வதேசத் தரநிலை 20 சதவிகிதத்துக்குள் இருக்கச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் புளித்து நுரைக்கும். 90 வெள்ளிக்கு ஒரு நீர்மானி வாங்கினேன்; விற்பதாக இருந்தால் அது அவசியம். புளிக்கும் தேனைக் குளிர்பெட்டியில் வைத்து வீட்டில் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளிகூட நாக்கில் வைக்கவேண்டாம். சேனை வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் பெரியவர்களிடம் இதை மரியாதையோடு, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

11. விற்பதாக இருந்தால்

வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதியவேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் வைத்தால் 60. 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி, உணவைக் கையாள்பவர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும்; எனக்கு இரண்டுக்கும் சேர்த்து 120 வெள்ளி ஆனது. பயிற்சி ஒரு நாள், ஆனால் இடம் கிடைக்க ஒரு மாதம் காத்திருந்தேன். முதலில் அதற்குப் பதியுங்கள்.

சீட்டு மலாய் மொழியில் இருக்கவேண்டும், தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம். பொருளின் பெயர், நிகர எடை, அடைத்தவர் பெயரும் முகவரியும் கட்டாயம். "சர்க்கரை நோய் தீரும்", "இதயத்துக்கு மருந்து" என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் அதைத் தடுக்கிறது. நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் நம் தெருவிலேயே இருப்பார்.

12. கூட்டை மாற்றுவது

நன்றாகக் கூரையிட்ட வைக்கோல் கூடு எனக்கு மூன்று ஆண்டு வருகிறது. விரலால் அழுத்தினால் அமிழ்ந்தால் மாற்றவேண்டிய நேரம். பிப்ரவரியில், புதுக் கூட்டைப் பழையதன் இடத்தில் அதே திசை பார்த்து வைத்து, சட்டங்களை அதே வரிசையில் அடையோடு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இருபது நிமிட வேலை. பழைய கூட்டை வாசலுக்கு முன் சாய்த்து வைத்தால் மிச்சமிருக்கும் தேனீக்கள் தாமே நடந்து வந்துவிடும். பிறகு அதை மாட்டுக் குப்பையில் போடலாம்.

அந்தப் புதுக் கூட்டுக்கு வைக்கோல் முந்திய அறுவடையிலேயே வந்திருக்கவேண்டும். பாகான் செராயில் எந்த வாரம் அறுக்கிறார்கள் என்று ஒரு மாதம் முன்பே கேட்டு, ஓரத்துத் தாளை அரிவாளால் அறுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். நான் எப்போதும் ஒரு கட்டு அதிகமாகவே வாங்கிப் பரணில் போட்டுவைக்கிறேன்.